புது டூரிங் பைக்கில் முதல் நீண்ட பயணம்: சென்னையிலிருந்து ஏலகிரி வரை, படிப்படியாக

ஹிமாலயன் 450, வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ், 390 அட்வென்ச்சர் மாதிரியான வண்டி ஒன்றைப் புதிதாக எடுத்திருக்கிறீர்கள், இதுவரை ஊருக்குள் 100, 150 சிசி வண்டிதான் ஓட்டியிருக்கிறீர்கள் என்றால், இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். முதல்முறை வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு பலமுறை போயிருக்கிறேன். அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் சாலையில் இல்லை. வீட்டில் முடித்திருக்க வேண்டிய வேலையைச் சாலையோரம் செய்ய நேரும்போதுதான் தடுமாறுகிறார்கள். அதனால் இங்கே முக்கால்வாசி, கிளம்புவதற்கு முந்தைய வேலைகள்.

1. இடத்தைத் தேர்ந்தெடுப்பது

முதல் பயணத்துக்கு என் சிபாரிசு ஏலகிரி. சென்னையிலிருந்து ஏறத்தாழ 230 கி.மீ. ஒரு நாள் போய், இரவு தங்கி, மறுநாள் திரும்பலாம். பாதையின் பெரும்பகுதி பெங்களூரு நெடுஞ்சாலை. ஆள் நடமாட்டம், பங்க், மெக்கானிக் கடை எதற்கும் பஞ்சமில்லை. கடைசியில் 14 கொண்டை ஊசி வளைவுகள்.

அந்த 14 போதும். வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. புது வண்டியின் எடை கைக்குப் பழகுவதற்கு முன் அங்கே போனால், பாதி மலையிலேயே தோளும் மணிக்கட்டும் சோர்ந்துவிடும். சோர்ந்த கை பிரேக்கைத் தப்பாகப் பிடிக்கும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயிலில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஓட்டுவது புதியவர்களுக்கு வேண்டாம். முதல் பயணத்தில் பின்னால் யாரையும் ஏற்றவும் வேண்டாம். உங்கள் எடையோடு வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதே இன்னும் தெரியாதபோது, இன்னொருவர் உயிருக்குப் பொறுப்பேற்கக் கூடாது.

2. முதல் சர்வீஸை முடிப்பது

புது எஞ்சினுக்குள் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் உரசி ஒன்றுக்கொன்று படியும் காலம் இது. அந்த உரசலில் வரும் நுண்ணிய உலோகத் தூள் ஆயிலில்தான் சேர்கிறது. முதல் சர்வீஸில் அந்த ஆயிலும் ஃபில்டரும் மாற வேண்டும். சில நிறுவனங்கள் 500 கி.மீ.க்கு என்கின்றன, சில 1,000. உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ளதே கணக்கு.

அதுவரை எஞ்சினை முறுக்கவும் வேண்டாம், திணறவைக்கவும் வேண்டாம். இரண்டாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மெதுவாகப் போனால் எஞ்சினுக்கு நல்லது என்று நினைத்து ஐந்தாவது கியரில் 35-ல் உருட்டுவார்கள். எஞ்சினுக்கு அதிகச் சுமை அதுதான். கியரை இறக்கி, வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போகாதீர்கள். நெடுஞ்சாலைப் பயணம் முதல் சர்வீஸுக்குப் பிறகுதான் என்று சொல்வது இதனால்தான்.

இந்த முதல் கிலோமீட்டர்களில் டயரும் பிரேக் பேடும் கூடப் பழகுகின்றன. புது டயரின் மேல்தோல் வழுக்கலாக இருக்கும். நேர் சாலையில் நடுப்பகுதி மட்டுமே தேயும், ஓரம் அப்படியே இருக்கும். அதனால் வளைவுள்ள சாலைகளில் மெல்லச் சாய்த்து ஓட்டி ஓரத்தையும் பழக்குங்கள்.

3. வண்டியை உங்கள் உடம்புக்கு அமைப்பது

ஷோரூமிலிருந்து வரும் வண்டி யாருடைய உடம்புக்கும் அமைத்தது அல்ல. நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கையை லேசாக மடக்கி, விரல்களை கிளட்ச் லீவர் மேல் வையுங்கள். முன்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். மணிக்கட்டு மேலே மடங்கினால் லீவரைக் கீழே திருப்புங்கள். ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் போதும். இதைச் செய்யாமல் வந்தவர்கள் காஞ்சிபுரம் தாண்டுவதற்குள் கை மரத்துவிட்டது என்று நிறுத்துவார்கள்.

காலில் கியர் லீவரையும் பின் பிரேக்கையும் பயணத்தில் போடப்போகும் பூட்ஸோடு பாருங்கள். செருப்போடு சரியாக இருக்கும் உயரம், தடித்த பூட்ஸின் நுனிக்குக் கீழே சிக்கிக்கொள்ளும்.

பிறகு இரண்டு சோதனை ஓட்டம். ஒரு ஞாயிறு காலை மாமல்லபுரம் வரை. அடுத்த வாரம் புதுச்சேரி வரை போய்த் திரும்புங்கள், அது 300 கி.மீ. இடுப்பு எப்போது வலிக்கிறது, ஹெல்மெட் எங்கே அழுத்துகிறது என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட்டே வேண்டும். நெற்றியில் ஒரு புள்ளியில் மட்டும் அழுத்தினால், அது இரண்டு மணி நேரத்தில் தலைவலியாகும்.

போனை ஹேண்டில்பாரில் மாட்டுவதானால் அதிர்வைத் தாங்கும் அடித்தளம் வைத்த மவுண்ட் வாங்குங்கள். பைக் எஞ்சின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-ல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது.

4. லக்கேஜ் கட்டுவது

இரண்டு நாள் பயணத்துக்கு 10 கிலோ தாராளம். கனமான பொருள் கீழே, வண்டியின் நடுவை ஒட்டி. லேசானது மேலே, பின்னால். கருவிப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் டாப் பாக்ஸில், அதாவது சீட்டுக்குப் பின்னால் மாட்டும் பெட்டியில், வைத்தால், சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் அந்த எடை முன் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். வேகம் கூடும்போது ஹேண்டில் லேசாக அசையத் தொடங்கும்.

பக்கப் பைகள் இரண்டிலும் எடை ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். சைலன்ஸர் பக்கம் உள்ள பை சைலன்ஸரைத் தொடாமல், நடுவே கை நுழையும் இடைவெளி வேண்டும். வண்டி நிற்கும்போது இருக்கும் இடைவெளி, பள்ளத்தில் இறங்கும்போது இருக்காது.

கட்டிய பிறகு மீந்து தொங்கும் வார் நுனிகளைச் சுருட்டி, பசை டேப்பால் ஒட்டிவிடுங்கள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை எனக்கு முன்னால் போன வண்டியிலிருந்து ஒரு முழ நீள வார் அவிழ்ந்து காற்றில் ஆடியதைப் பார்த்தேன். ஹார்ன் அடித்து, லைட் போட்டு, அவர் நிறுத்துவதற்குள் அது பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) இரண்டு சுற்று சுற்றியிருந்தது. கத்தியால் நறுக்கி எடுத்தோம். வேகம் குறைந்திருந்ததால் சக்கரம் பூட்டிக்கொள்ளவில்லை.

5. லக்கேஜ் ஏற்றியபின் செய்யும் நான்கு வேலைகள், இதே வரிசையில்

புதியவர்கள் இதில்தான் அதிகம் தவறுகிறார்கள். வெறும் வண்டிக்குச் செய்த சரிபார்ப்பு, சுமை ஏற்றிய வண்டிக்குச் செல்லாது.

முதலில் டயர் காற்று. வண்டியில் ஒட்டியிருக்கும் தாளில் பின் டயருக்கு இரண்டு எண்கள் இருக்கும்: ஒருவர் மட்டும், இருவர். லக்கேஜ் நிறைய இருந்தால் இரண்டாவது எண். டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓட்டி முடித்த சூட்டில் அளந்தால் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை டயரில் காற்று குறைவாக இருக்கும்.

இரண்டாவது, பின் சஸ்பென்ஷனின் ப்ரீலோட், அதாவது அதன் ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அழுத்தி வைப்பது என்ற அளவு. சுமையில் வண்டியின் பின்பக்கம் அமுங்கினால் திரும்பும்போது வண்டி வெளிப்பக்கம் இழுக்கும். சைடு ஸ்டாண்டிலும் நேராக நின்று, மறுபக்கம் சாயப் பார்க்கும். வண்டியோடு வந்த கொக்கி ஸ்பேனரால் ஒன்றிரண்டு படி ஏற்றுங்கள்.

மூன்றாவது, செயின். ப்ரீலோடை மாற்றினால் செயினின் தொய்வும் மாறும் என்பதால் இது இரண்டாவதற்குப் பிறகுதான். கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து அளந்து, கையேட்டு அளவோடு ஒப்பிடுங்கள். சைடு ஸ்டாண்டிலா, சென்டர் ஸ்டாண்டிலா என்பதையும் கையேடு சொல்லும். சக்கரத்தைச் சுழற்றி, செயினை மூன்று நான்கு இடங்களில் பாருங்கள், எல்லா இடத்திலும் தொய்வு ஒன்றாக இருக்காது. எங்கே விறைப்பாக இருக்கிறதோ அந்த இடத்தின் அளவை எடுங்கள். அதோடு நிறுத்தாமல், லக்கேஜோடு நீங்கள் ஏறி உட்கார்ந்து இன்னொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் கொஞ்சம் தொய்வு மிச்சமிருக்க வேண்டும்.

எங்களோடு முதல்முறை வந்த ஒரு தம்பியின் வண்டி வாலாஜாபேட்டை தாண்டியதும் ஒரு மாதிரி முனகத் தொடங்கியது. டீக்கடையில் நிறுத்திச் செயினைத் தொட்டேன், சரியாகத்தான் இருந்தது. "ஏறி உட்காருப்பா" என்றேன். அவன் உட்கார்ந்ததும் செயின் வீணைத் தந்தி மாதிரி விறைத்துவிட்டது. முந்தின வாரம் சர்வீஸில் "லூசா இருந்துச்சு, டைட் பண்ணிட்டோம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இப்படி ஓடினால் செயின் மட்டுமல்ல, கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டின் பேரிங்கும் போய்விடும். ஆக்ஸில் நட்டுக்கான (பின் சக்கர அச்சை இறுக்கும் நட்) ஸ்பேனர் அவனுடைய கருவிப் பையில் இல்லை. பக்கத்து லாரிப் பட்டறையில் கேட்டு வாங்கிச் சரிசெய்ய ஒன்றரை மணி நேரம் ஆனது. சர்வீஸிலிருந்து வந்த வண்டி என்று அப்படியே நம்பிவிட வேண்டாம். அன்று மாலையே அளந்து பாருங்கள்.

நான்காவது, ஹெட்லைட். பின்பக்கம் அமுங்கிய அளவுக்கு வெளிச்சம் மேலே ஏறும், எதிரே வருபவர் கண் கூசும். இருட்டில் ஒரு சுவர் முன் நிறுத்தி, சுமைக்கு முன்பும் பின்பும் வெளிச்சக் கோடு எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் குறித்துச் சரிசெய்யுங்கள்.

6. நின்ற இடத்தில் விழாமலிருக்கப் பழகுவது

இந்த வண்டிகள் பெரும்பாலும் விழுவது நிற்கும்போதும் திரும்பும்போதும்தான். சீட் உயரமானது, எடை ஏறத்தாழ 165 முதல் 200 கிலோ வரை, அதற்கு மேல் லக்கேஜ். ஒரு பக்கம் சாயத் தொடங்கிய பிறகு காலால் தாங்க முடியாது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் லக்கேஜோடு ஒரு காலி மைதானத்துக்குப் போங்கள். கிளட்சைப் பாதி விட்டு, பின் பிரேக்கை லேசாக மிதித்து, நடக்கும் வேகத்தில் இருபுறமும் யூ-டர்ன் எடுங்கள். திரும்பிக்கொண்டிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அந்தப் பக்கமே படுத்துவிடும். பங்கில் ஹேண்டிலைத் திருப்பியபடி நிறுத்துபவர்கள் விழுவது இப்படித்தான். ஹேண்டிலை நேராக்கிவிட்டு நிறுத்துங்கள்.

விழுந்துவிட்டால் பதற வேண்டாம். முதலில் எஞ்சினை அணையுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை இறக்கி, முடிந்தால் கியரில் போடுங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்து, காலின் பலத்தால் பின்னோக்கி நடந்தபடி எழுப்புங்கள். குனிந்து இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். லக்கேஜைக் கழற்றிவிட்டுத் தூக்குவதில் எந்தக் குறையும் இல்லை.

சரிவில் நிறுத்தும்போது வண்டியின் முகம் மேட்டைப் பார்த்து, முதல் கியரில் இருக்கட்டும். மண்தரையில் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல்.

7. பஞ்சர் சாமான், கருவி, ஆவணம்

உங்கள் சக்கரம் ட்யூப் உள்ளதா, ட்யூப்லெஸ்ஸா? வண்டி வாங்கி ஒரு மாதம் ஆனவர்களில்கூட இதற்குப் பதில் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். ஸ்போக் சக்கரம் என்றால் பெரும்பாலும் ட்யூப் இருக்கும். அப்படியானால் முன், பின் அளவுக்கு ஒவ்வொரு ட்யூப் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு ட்யூப் சிறிய ஊர்க் கடைகளில் கிடைக்காது.

ட்யூப்லெஸ் என்றால், ஓட்டையில் ரப்பர் திரியைச் செருகி அடைக்கும் பிளக் கிட்டும் சின்ன காற்றடிக்கும் மோட்டாரும் போதும். ஆனால் பிரிக்காத கிட்டோடு கிளம்பாதீர்கள். உங்கள் தெரு பஞ்சர் கடையில் ஒரு தேய்ந்த டயரைக் கேட்டு வாங்கி, அதில் ஓட்டை போட்டு ஒருமுறை பழகுங்கள். கிட்டில் உள்ள அரத்தை ஓட்டைக்குள் செலுத்த எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். சாலையில் ஆணி ஏறியிருப்பது தெரிந்தால் உடனே பிடுங்க வேண்டாம். காற்று நிற்கிறதென்றால் மெதுவாக அடுத்த கடை வரை போய்விடலாம்.

கருவிகளில் இரண்டு கட்டாயம்: ஆக்ஸில் நட்டுக்கான ஸ்பேனர், லீவரையும் கண்ணாடியையும் திருகும் அளவுகள். கூடவே மாற்று ஃபியூஸ், கேபிள் டை, பசை டேப், செயின் ஸ்பிரே.

ஆர்சி, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் டிஜிலாக்கரில் இருந்தாலே செல்லும். ஆனாலும் போன் தண்ணீரில் விழலாம், ஒரு நகல் பையில் இருக்கட்டும். புது வண்டிக்குப் பதிவான நாளிலிருந்து ஓராண்டு வரை புகைச் சான்று தேவையில்லை. இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பு ஐந்தாண்டுக்கு இருக்கும், சொந்தச் சேதக் காப்பு பெரும்பாலும் ஓராண்டுதான். இரத்த வகையையும் வீட்டு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108.

8. நெடுஞ்சாலையில்

முந்தின இரவு நன்றாகத் தூங்கி, காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். நள்ளிரவில் கிளம்பும் யோசனையை விட்டுவிடுங்கள். அதிகாலை இரண்டு முதல் நான்கு வரை லாரி ஓட்டுநர்களுக்கும் கண் சொருகும் நேரம். எஞ்சினை நின்ற இடத்தில் உறுமவிடாமல், முதல் ஐந்து நிமிடம் நிதானமாக ஓட்டினால் அதுவே சூடேறிவிடும்.

ஸ்ரீபெரும்புதூர் வரை கன்டெய்னர் லாரிகளும் தொழிற்சாலைப் பேருந்துகளும் அதிகம். அதற்கப்பால் வாலாஜாபேட்டை வரை சாலை வேலையால் மாற்றுப்பாதைகள் வரலாம். தார்ச்சாலை முடிந்து ஜல்லி தொடங்கும் இடத்தில் பிரேக் பிடிக்காமல், முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு நேராகப் போங்கள்.

வேகம் 80 போதும். கன்டெய்னரை முந்தும்போது அதன் மறைவில் காற்று நின்றுவிடும், முன்முனையைத் தாண்டியதும் காற்று பக்கத்திலிருந்து அறையும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் அந்த அறை அப்படியே சக்கரத்துக்குப் போகும். முழங்காலால் டேங்கை அணைத்து, கையைத் தளர்வாக வையுங்கள். லாரியின் பக்கவாட்டில் சேர்ந்தே ஓடவும் கூடாது, அதன் கண்ணாடியில் நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

இடது ஓரம்தான் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். எதிர்த்திசையில் வரும் உள்ளூர் வண்டிகளும் விளக்கில்லாமல் நிற்கும் லாரிகளும் அங்கேதான்.

சுங்கச்சாவடியில் இருசக்கர வண்டிக்குக் கட்டணமில்லை. இடது ஓரப் பாதையில் போகலாம். அந்தக் குறுகிய பாதையில் மணலும் ஆயிலும் படிந்திருக்கும், நடை வேகத்தில் கடந்துபோங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். உடம்பு கேட்காவிட்டாலும் நிறுத்துங்கள். தாகம் தெரிவதற்கு முன்பே தண்ணீர். முதல் நிறுத்தத்தில் வார்களை இழுத்துப் பாருங்கள், துணிப்பை முதல் ஒரு மணி நேரத்தில் அமுங்கி வார் தளரும். வேலூர் பக்கம் காலை உணவு. ஆம்பூர் பிரியாணியைத் திரும்பும் வழியில்கூட வைத்துக்கொள்ள வேண்டாம், வயிறு நிறைந்தால் வெயிலில் கண் தானாக மூடும். பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

வாணியம்பாடியில் டேங்கை நிரப்புங்கள். சென்னையிலும் நிரப்பியிருந்தால், இங்கே பிடித்த லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்து உங்கள் உண்மையான மைலேஜைத் தெரிந்துகொள்ளலாம். மீட்டரில் காட்டும் எண்ணை இதோடு ஒப்பிட்ட பிறகு நம்புங்கள்.

9. மலையில்

வாணியம்பாடியிலிருந்து திருப்பத்தூர் சாலையில் போய், பொன்னேரியில் மலைப்பாதை பிரியும். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பலகையைப் படிக்கிற ஆர்வத்தில் சாலையை விட்டுவிடாதீர்கள்.

ஏறும்போது சிரமம் இடது கொண்டை ஊசியில். நாம் இடப்பக்கம் போவதால் அது உள்வட்டம், குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். வளைவுக்குள் போனபிறகு கியரை இறக்கத் தேடுவார்கள், கிளட்சை முழுதாக இழுப்பார்கள், இழுவை போனதும் வண்டி நின்று இடப்பக்கம் சாயும். அதனால் வளைவுக்கு முன்பே முதல் அல்லது இரண்டாவது கியருக்கு வந்து, ஹார்ன் அடித்து, ஆக்சிலேட்டரை ஒரே சீராக வைத்து ஏறுங்கள். பார்வை சக்கரத்துக்கு முன்னால் இல்லாமல், வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். தலை திரும்பும் பக்கம் வண்டி வரும்.

பேருந்து வந்தால் வளைவுக்கு வெளியே நின்று வழிவிடுங்கள். குறுகலான மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. ஆனால் முழு அகலத்தையும் எடுத்துத் திரும்பும் பேருந்திடம் அந்த விதியைப் பேச வேண்டாம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே இறங்குங்கள், வேலூர் வெயிலுக்கு முன் தாண்டிவிடலாம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வேகத்தைப் பிடிக்கும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள், தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். நியூட்ரலில் ஒருபோதும் இறங்காதீர்கள்.

10. வீடு வந்தபின்

அன்று மாலையே செயினைத் துடைத்து ஸ்பிரே அடியுங்கள். சூடாக இருக்கும்போதுதான் அது உள்ளே இறங்கும். எஞ்சினை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் இதைச் செய்ய வேண்டும், ஓடும் செயினில் விரல் போனவர்கள் உண்டு. பெட்ரோலால் கழுவ வேண்டாம், இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் கெடும்.

மறுநாள் பகலில் போல்ட்டுகளைப் பாருங்கள். இதற்காகக் கிளம்பும் முன்பே, சைலன்ஸர், லக்கேஜ் கம்பி, ஆக்ஸில், பிரேக் காலிப்பர் போல்ட்டுகளின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு போட்டு வையுங்கள். திரும்பி வந்தபின் கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை. உடைந்து விலகியிருந்தால் அந்தப் போல்ட் தளர்ந்திருக்கிறது. அதைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கி, பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதுக் கோடு போடுங்கள்.